அந்த நாலு செல்களும் என்னுடையவை

சமையலறை மேஜையிலிருந்து,
கதவைச் சாத்திக்கொண்டு.

முந்தாநாள் வரை பெருமதிப்பிற்குரியவராக இருந்த மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்காவும் நலம். அங்கு தாங்களும், தங்கள் மனைவியும், தங்கள் ஆராய்ச்சிக்கூடமும், அதில் கொலுவீற்றிருக்கும் அந்தக் கண்ணாடி இயந்திரமும் நலமா என்று விசாரிப்பது முறை. விசாரித்துவிட்டேன். பதில் தேவையில்லை. கடைசி வரை 'தாங்கள்' போட்டே எழுதிவிட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். நாலு வரிக்கு மேல் தாங்கவில்லை. இனிமேல் 'நீ'தான்.

முந்தாநாள் நீ போனில் பேசியதற்கு போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் போன் பேசுவது என்பது பொதுக்கூட்டம் நடத்துவது. எனக்கு ஒரு காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் உன் அக்கா குளியலறைக் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். எழுத்தில் செய்தி அனுப்பலாம் என்றால், என் போனை என்னைவிட அதிகமாகப் படிப்பவள் அவள். ஆகவே கடிதம். தண்ணீர் ஆபீசுக்குப் புகார் எழுதுவதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். குழாயில் தண்ணீர் கலங்கலாக வருவது உண்மை என்பதால் நம்பிவிட்டாள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். எங்களை இதில் இழுத்துவிட்டது யார்? உன் அக்காவுக்கு மார்பில் வந்த கட்டியை எடுத்து, மருந்து ஏற்றி, கதிர் வைத்து, கொட்டிய முடி திரும்ப முளைத்து, இப்போதுதான் இந்த வீட்டில் சீப்பு என்று ஒரு பொருள் மறுபடியும் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "அக்கா, சிகிச்சை முடிஞ்சவங்க ரத்தம் கொஞ்சம் வேணும். ரத்தத்துல புற்றுநோய் செல் ஏதாவது இன்னும் சுத்திக்கிட்டு இருக்கான்னு ஒலி அலையை வெச்சுப் பிரிச்சுப் பாக்கற கருவி ஒண்ணு செஞ்சிருக்கோம்" என்றாய். அவள் சரி என்றாள். நீ கேட்டால் கிட்னியைக்கூடக் கழற்றிக் கொடுப்பாள். அதோடு விட்டாயா? என் பக்கம் திரும்பி, "அத்தான், ஒப்பிட்டுப் பாக்க நோயே இல்லாத ஆளு ஒருத்தர் வேணும். ஏறக்குறைய அதே வயசு, அதே வீட்டுச் சாப்பாடு. நீங்க கனகச்சிதம்" என்றாய். என் வாழ்க்கையில் என்னை ஒரு மனிதன் கனகச்சிதம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. உச்சி குளிர்ந்துபோய்த் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

உன் ஆராய்ச்சிக்கூடத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த அறையில் உட்காருவதற்கு இருப்பது சுழலும் முக்காலிகள். உட்கார்ந்தால் சுவரைப் பார்க்கிறது, கொஞ்சம் அசைந்தால் வாசலைப் பார்க்கிறது. மூலையில் ஏசி ஒன்று விடாமல் ஊதுகிறது. கேட்டால் இயந்திரத்துக்குச் சூடு ஆகாதாம். மனிதனுக்குக் குளிர் ஆகாது என்பதைப் பற்றி எந்த ஆராய்ச்சியும் நடக்கவில்லை போலிருக்கிறது. ஒலி, ஒலி என்று நீ சொன்னதை நம்பி, ஆளுயர ஸ்பீக்கர் ஒன்றாவது இருக்கும், மிச்சமிருக்கும் காதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று வீட்டிலிருந்து பஞ்சு எடுத்துக்கொண்டு வந்தவன் நான். அங்கே பார்த்தால் பிஸ்கட் அளவில் ஒரு கண்ணாடி வில்லை. அதற்குள் முடி மாதிரி ஒரு கோடு. அந்தக் கோடுதான் வாய்க்காலாம், அதில்தான் ரத்தம் ஓடுமாம், அடியில் ஒட்டியிருக்கும் சின்னத் தகடுதான் அதிருமாம். கண்ணாடி போட்ட உன் மாணவி அதை ஏதோ கைக்குழந்தையைக் காட்டுகிற மாதிரி காட்டினாள்.

"சத்தம் எங்கம்மா?" என்றேன்.

"இப்பவும் ஓடிட்டுதான் சார் இருக்கு."

"எனக்குக் கேக்கலையே."

"யாருக்குமே கேக்காது சார். நம்ம காதுக்கு எட்டாத அளவுக்கு வேகமா அதிருது."

"இவருக்கு நான் பேசறதே எட்டறதில்லம்மா, நீ வேற" என்றாள் உன் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன்.

கேட்காத ஒலியால் என்ன பிரயோஜனம் என்று கேட்டதற்கு அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள், அதைக் குறை சொல்ல மாட்டேன். "பெரிய செல்லை அந்த அதிர்வு வாய்க்காலோட நடுவுக்குத் தள்ளிடும் சார். சின்னது ஓரமாவே போயிடும். புற்றுநோய் செல் பெரும்பாலும் பெருசு. நடு வழியா வெளிய வர்றதைப் பிடிச்சு, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்புல வெச்சு எண்ணுவோம்." இவ்வளவுதானா விஷயம்? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை ரயில்வே பார்சல் ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். பெரிய பார்சலை நடுவிலும் சின்னதை ஓரத்திலும் தள்ள எங்களுக்கு இரண்டு ஆளும் ஒரு தள்ளுவண்டியும் போதுமாக இருந்தது. அதற்காக நாங்கள் யாரும் வெளிநாட்டுக்குப் போய்க் கட்டுரை வாசிக்கவில்லை.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். முதலில் உன் அக்காவுக்கு. மருந்து ஏற்றி ஏற்றி அவள் நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்துகொண்டிருக்கிறது. அந்த நர்ஸ் முழங்கையில் தேடினாள், கிடைக்கவில்லை. மணிக்கட்டில் தட்டினாள், வரவில்லை. கடைசியில் புறங்கையில் குத்தினாள். உன் அக்கா ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் ஒரு இடத்தைப் பார்த்தால் பயந்துபோயிருக்கிறாள் என்று அர்த்தம். இது உனக்குத் தெரியாது. கூடப் பிறந்தால் மட்டும் போதாது, கூட இருந்து பார்க்க வேண்டும். அவளுக்கு அப்புறம் எனக்கு எடுத்தார்கள். பெயரும் எண்ணும் போட்ட ஸ்டிக்கரை ஆளுக்கொரு குழாயில் ஒட்டி, தாங்கியில் செருகி வைத்துவிட்டு, பிளாஸ்திரி தீர்ந்துவிட்டது என்று எடுத்துவரப் போனாள் நர்ஸ். வந்தாள், ஒட்டினாள், குழாய்களைத் தூக்கிக்கொண்டு போனாள். இவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் அந்த அறையில் ஒன்றும் நடக்கவில்லை. எதுவுமே நடக்கவில்லை என்பதை இந்த இடத்தில் அழுத்தந்திருத்தமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி உன் போனுக்கு வருகிறேன். "அக்கா குழாயில ஒண்ணுமே இல்ல, பூஜ்யம்" என்றாய். நல்லது, அங்கேயே போனை வைத்திருக்கலாம். "ஆனா அத்தான், உங்க குழாயில நாலு இருக்கு" என்றாய். அதையும் நான் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன். அப்புறம் ஒரு கனைப்பு. கனைத்துவிட்டு, "குழாய் மாறிப்போயிருக்கும்னு தோணுது. நோய் இருந்தவங்களுக்குப் பூஜ்யம், இல்லாதவருக்கு நாலுன்னா கணக்கு இடிக்குது. புதன்கிழமை ரெண்டு பேரும் வந்து மறுபடி குடுத்துடுங்க" என்றாய். எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாய். வீட்டுக்கு வந்த பாலில் தண்ணீர் என்று திருப்பி அனுப்புகிற மாதிரி.

சற்று முன்னால் உன் இயந்திரத்தைக் கேவலமாகப் பேசிவிட்டேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அது அருமையான இயந்திரம். அதற்கு உன் அக்காவையும் தெரியாது, என்னையும் தெரியாது. யாருக்கு நோய் வந்தது, யார் கனகச்சிதம் என்று முகம் பார்க்காமல் பெரியதை நடுவில் தள்ளுகிறது. தள்ளியது. நாலு வந்தது. என் பெயர் ஒட்டிய குழாயிலிருந்து வந்தது. என் குழாயிலிருந்து வந்தால் அது என்னுடையது. அதை எடுத்து உன் அக்கா பெயருக்கு மாற்றி எழுத நீ யார்? சோபாவில் உட்கார்ந்து அந்த இயந்திரத்தைப் பற்றி மார்தட்டினவனும் நீதான், விடை பிடிக்கவில்லை என்றதும் அதன் மேலேயே பழி போடுகிறவனும் நீதான். நர்ஸ் மாற்றி ஒட்டியிருப்பாள் என்கிறாயே, அந்தப் பெண்ணின் வேலைக்கு உலை வைக்காதே. அவள் சரியாகத்தான் ஒட்டினாள். லேபிள் விஷயத்தில் என் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது, அதில் தலை நரைத்தவன் நான். "நாலுன்னா ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம் அத்தான், சில சமயம் வெள்ளை அணுவே அப்படித் தெரியும்" என்று சமாதானம் வேறு சொன்னாய். ஒன்றுமில்லை என்றால் எதற்கு மறுபடி ரத்தம் கேட்கிறாய்? காதில் பூ சுற்றுவதற்கு உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?

நீ போனை வைத்ததிலிருந்து இந்த வீட்டில் நான் படும் பாட்டை யாரிடம் சொல்வது? பூஜ்யம் என்று கேட்ட சந்தோஷத்தில் உன் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நேற்று கேஸ் சிலிண்டரை நகர்த்தப் போனால் கையிலிருந்து பிடுங்கி, "நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கறேன்" என்று தானே உருட்டிக்கொண்டு போகிறாள், அறுவை சிகிச்சை செய்த பக்கத்துக் கையால். காலையில் தட்டில் இரண்டு முட்டை. எதற்கு இரண்டு என்றால் உப்பை நகர்த்தி வைக்கிறாள். தொலைக்காட்சி ரிமோட்டைக் கேட்காமலே என் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறாள். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் நெற்றியில் கை. "என்ன பண்றே?" என்றால் "கொசு" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இவள் என் பேச்சுக்கு ஒரு தடவை மறுபேச்சு பேசாமல் இருந்ததுண்டா? இப்போது எதற்கெடுத்தாலும் "சரிங்க". பீரோவை இந்தப் பக்கம் போடலாம் என்றேன், சரிங்க. வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன், அதற்கும் சரிங்க. சண்டை போட ஆளில்லாமல் எனக்கு வீட்டில் பொழுதே போகவில்லை. சந்தோஷத்தில் அழக்கூட அழுகிறாள் என்று நினைக்கிறேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கேட்டால் வெங்காயம் என்றாள். வீட்டில் வெங்காயம் தீர்ந்துபோய் இரண்டு நாள் ஆகிறது.

இதில் உன் கட்சி வேறு பேசுகிறாள். "குடுத்தா என்னங்க, ரெண்டு ஸ்பூன் ரத்தம்தானே. அப்படியே உங்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றாள்.

"எனக்கு எதுக்கு ஸ்கேன்? எனக்கு என்ன வந்தது?"

"அந்த நாலும் உங்களோடதுதான்னு நீங்கதானே ரெண்டு நாளா கத்திக்கிட்டு இருக்கீங்க?"

தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து வந்துவிட்டேன். இந்த மாதிரி மடக்கிக் கேள்வி கேட்க உங்கள் குடும்பத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஆகவே திட்டவட்டமாகச் சொல்கிறேன். புதன்கிழமை வர மாட்டோம். மறுபடி ரத்தம் கொடுக்க மாட்டோம். உன் கணக்கு இடித்தால் இடித்துக்கொண்டு இருக்கட்டும். என் பெயருக்கு நேரே நாலு என்றும் உன் அக்கா பெயருக்கு நேரே பூஜ்யம் என்றும் எழுதி அந்தப் பக்கத்தை மூடிவிடு. மற்றபடி, இதற்குத் துளிக்கூடச் சம்பந்தமில்லாத வேறொரு விஷயம். உன் அக்காவை இந்த வாரமே பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், தலையிலிருந்து கால் வரை ஒரு இடம் விடாமல் ஸ்கேன் எடுத்துவிடு. வருஷா வருஷம் எடுப்பதுதான் என்று அவளிடம் சொல். நீ சொன்னால் நம்புவாள். டாக்டரிடம் நீ தனியாகப் பேசிக்கொள், என்ன பேசுவாயோ எனக்குத் தெரியாது. ஏதாவது இருந்தால் உடனே வைத்தியத்தை ஆரம்பிக்கச் சொல், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. ஏன் எதற்கு என்று என்னைக் கேட்காதே. எனக்கு ஸ்கேன் வேண்டாம். நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். நாலு செல்லை வைத்துக்கொண்டும் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.

போன தடவை உன் அக்காவின் பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கு நீ இங்கே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கவரைப் பிரித்துப் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, காயப்போட்டிருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். அப்புறம் பேசவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, அந்த வாரம் பூராவும் பேசவில்லை. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், வேண்டுமென்றே பாலைப் பொங்கவிட்டுப் பார்த்தேன், அப்போதாவது திட்டுவாள் என்று. துடைத்துவிட்டுப் போனாள். என்னால் இன்னொரு தடவை முடியாது. அவளால் முடியும், அவள் கல், எதையும் தாங்குவாள். என்னால் முடியாது. வைத்தியம் நடக்க வேண்டும், எல்லாம் நடக்க வேண்டும், ஆனால் அந்த வார்த்தையை அவள் பெயரோடு சேர்த்து அவள் காதில் போடாமல் நடக்க வேண்டும். அப்படி நடக்காது என்பது வடிகட்டின முட்டாளுக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாளாவது அவள் பூஜ்யமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, உனக்கு என்ன கெட்டுப்போகிறது?

என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றே தெரியவில்லை. இந்தக் கடைசிப் பத்தியை அடித்துவிட்டதாக எடுத்துக்கொள். மேலே உள்ளது மட்டும் செல்லும்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். கண்ணாடி போட்ட அந்த மாணவியை ரொம்பவும் கேட்டதாகச் சொல், அவள் மட்டும்தான் அங்கே மரியாதை தெரிந்தவள். முக்காலிகளை மாற்று. உன் ஆராய்ச்சி வெற்றி பெறட்டும், உன் பெயர் நாலு பேர் வாயில் விழட்டும், நீ தீர்க்காயுசாக இருந்து, உன் வயதான காலத்தில் உனக்கும் உன்னை மாதிரியே ஒரு மைத்துனன் வாய்க்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நாலுக்கும் உரியவனான
உன் அத்தான்

பி.கு.: தம்பி, இது அக்கா எழுதுவது. தண்ணீர் ஆபீசுக்குக் கடிதம் என்று சொல்லிவிட்டுத் தபாலில் போடக் கிளம்பினார். மாடிப்படி இறங்க வேண்டாம், நானே போட்டுவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வாழ்நாளெல்லாம் விலாசம் சரிபார்த்தவர், உறையின் மேல் உன் விலாசத்தைக் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டேன்.

குழாய் மாறிவிட்டதோ என்று நீ குழம்ப வேண்டாம். அன்றைக்கு நர்ஸ் பிளாஸ்திரி எடுக்கப் போனதும் இவர் இரண்டு ஸ்டிக்கரையும் நகத்தால் கிளப்பி மாற்றி ஒட்டினார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். ஒட்டிவிட்டுக் கை கழுவுகிற சாக்கில் வெளியே போனார். அந்த நேரத்தில் நான் அவற்றைத் திரும்ப எடுத்து இருந்தபடியே ஒட்டிவிட்டேன். எனக்கு வருவது எதுவாக இருந்தாலும் அது என் பெயரிலேயே வரட்டும் என்று நினைத்தேன். அதனால் அவர் பெயர் இருந்த குழாய் அவருடையதுதான். பூஜ்யம்தான் என்னுடையது.

நாலு என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒன்றுமில்லாமலும் இருக்கலாம் என்று சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். புதன்கிழமை காலையில் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஸ்கேன் எனக்கு என்று சொல்லித்தான் கூட்டி வருவேன். எனக்கு என்றால் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவார். வந்ததும் அவருக்கு எடுக்க நீ ஏற்பாடு செய்துவை. அது வரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதே. நடுவில் போன் பண்ணிக் கத்துவார், நிச்சயம் கத்துவார். அந்த நாலும் உன் அக்காவுடையவை என்று நினைத்துத்தான் இத்தனையும் கத்துகிறார். தன்னுடையவைதான் என்று தெரிந்த பிறகு கத்த மாட்டார். அது வரை கத்தட்டும் தம்பி, கேட்டுக்கொண்டிரு.